வாசல் தாண்டிய பை

மரக்காணம் தாண்டி ஒரு டீக்கடை ஓரமாகப் புருஷன் பாலு காரை நிறுத்தியபோது, சுபத்ராவுக்குக் கீழே இறங்கக்கூட மனசில்லை. கன்னியாகுமரி, திருச்செந்தூர், ராமேஸ்வரம், வேளாங்கண்ணி, பாண்டிச்சேரி என்று கடலை ஒட்டிக்கொண்டே வந்தாயிற்று. கடலும் சளைக்கவில்லை, தங்கை ஓவியாவும் சளைக்கவில்லை. சளைத்தது சுபத்ராவின் முதுகு மட்டும்தான். எங்கே பார்த்தாலும் அலை அலைதானே என்று அவளுக்கு நாகப்பட்டினத்திலேயே தோன்றிவிட்டது. சொன்னால் ஓவியாவின் முகம் வாடிவிடும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஓவியாவுக்கு லண்டன் பக்கம் ஒரு ஊர். நாளை இரவு விமானம். ஆக, மிச்சமிருப்பது இன்று ராத்திரி ஒன்றுதான். அந்த ஒரு ராத்திரியை எங்கே கழிப்பது என்பதுதான் விடிந்ததிலிருந்து காருக்குள் ஓடிக்கொண்டிருந்த பேச்சு.

"அக்கா, இதப் பாரேன்." பின்சீட்டிலிருந்து செல்போன் நீண்டது. "கோவளத்துல இருக்கு. பால்கனியில நின்னா நேரா கடல்தான். கடைசி நைட்டு, அலைச் சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கலாம். நாளைக்கு அங்கேர்ந்தே ஏர்போர்ட்."

"அப்பா?"

"அப்பாவையும் கூட்டிட்டு வந்துடலாம். அவருக்கும் ஒரு சேஞ்சா இருக்கும்ல?"

சுபத்ரா படத்தைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று ஒரு கட்டில். அதன்மேல் துண்டை அன்னப்பறவையாக மடித்து வைத்திருந்தார்கள். அந்தக் கட்டிலில் அப்பா படுத்தால் முதலில் ரப்பர் ஷீட் விரிக்க வேண்டும். பக்கத்தில் ஓட்டை போட்ட நாற்காலி வேண்டும், வாளி வேண்டும், அவர் பிடித்து எழ ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று யாரும் கேட்கப்போவதில்லை. அன்னப்பறவையை எடுத்து ஓரமாக வைக்கும் வேலைகூடத் தன் தலையில்தான் விழும் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கரித்தது.

இடுப்பு எலும்பு உடைந்ததிலிருந்து அப்பா சுப்பராயலு தனியாக எழுந்து நிற்பதில்லை. பகலில் எப்படியோ ஒப்பேறிவிடும். ராத்திரிதான் பாடு. கண் அயர்ந்த நேரத்தில் "சுபா" என்று ஒரு குரல் வரும். எழுந்துபோய்த் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, படுக்கவைத்து, திரும்பி வந்து தலையணையில் முகம் வைத்தால் மறுபடி "சுபா". இப்படி மூன்று வருஷம். ராத்திரிக்கு வைத்த ஆட்கள் ஒவ்வொருவராக மாசம் முடியுமுன்பே கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். பகலுக்கு வருகிற செல்லியம்மாளைத்தான் கெஞ்சிக் கூத்தாடி இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் ராத்திரியும் தங்க வைத்திருந்தாள்.

இந்தப் பயணத்துக்கே அவள் ஒப்புக்கொண்டது கடலுக்காக அல்ல. தங்கையிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். ஒரு மாசம், ஒரே ஒரு மாசம், நீ இருந்து அப்பாவைப் பார்த்துக்கொள். அவ்வளவுதான். ஓவியாவின் மகன் காலேஜ் விடுதிக்குப் போய்விட்டான். அவளுக்கு வேலையும் லேப்டாப்பில்தான். தூத்துக்குடி லாட்ஜில் உட்கார்ந்தே ஒரு நாள் முழுக்க வேலை பார்த்தாள். கேட்கக் கூடாத விஷயம் இல்லை. ஆனால் கன்னியாகுமரியில் கேட்கலாம் என்று வாயெடுத்தபோது, ஓவியா புருஷன் உதயாவுக்கு வீடியோவில் சூரியனைக் காட்டிக்கொண்டிருந்தாள். வேளாங்கண்ணியில் கேட்கலாம் என்றால், கடைக்குள் நுழைந்தவள் அக்காவுக்கும் தனக்கும் ஒரே மாதிரி நீலப் பை இரண்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், எதை வாங்கினாலும் ஜோடியாக. தரங்கம்பாடியில் கடைசியாக ஒரு முயற்சி. சுபத்ரா பேச ஆரம்பிப்பதற்குள் ஓவியாவே கடலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "நீ குடுத்து வச்சவக்கா. அப்பா கூடவே இருக்க."

அதற்குப்பிறகு எப்படிக் கேட்பது? தொண்டையில் வந்த வார்த்தையைச் சுபத்ரா மோரோடு சேர்த்து விழுங்கிவிட்டாள்.

டீக்கடையில் பாலு இரண்டாவது டீ சொன்னபோது சுபத்ராவின் போன் அடித்தது. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து அப்பா.

"எங்க வந்துகினு கீறீங்க?"

"மரக்காணம் தாண்டிட்டோம்பா."

"இன்னாத்துக்கு இன்னும் அங்க கீறீங்க? நாளைக்கி வெள்ளிக்கெழம. மேற்க சூலம். சின்னவ மேற்கதான போவுது? ராகு காலம் பொறக்கறதுக்குள்ள பைய டீச்சர் வூட்ல வெச்சாவணும். பாலுகிட்ட சொல்லு, வண்டிய மாட்டு வண்டி மாரி ஓட்டாதன்னு."

சுப்பராயலு ராஜகீழ்ப்பாக்கத்துப் பழைய குடும்பம். பயிர் வைத்த நிலமெல்லாம் அடுக்குமாடியாகி, வாடகையாக வந்துகொண்டிருந்தாலும் பஞ்சாங்கத்தை மட்டும் அவர் விற்கவில்லை. வெள்ளிக்கிழமை மேற்கே போகிற பயணத்தைத் தொடங்கக் கூடாது. ஆனால் விமானக் கம்பெனிக்குச் சூலம் எங்கே தெரிகிறது? அதற்குத்தான் பரஸ்தானம். முந்தின நாளே நல்ல நேரத்தில் பயணப் பையை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பையை வைத்தவர் அன்றைக்குச் சொந்த வீட்டில் படுக்கக் கூடாது, பையிருக்கும் வீட்டில்தான் படுக்க வேண்டும். பக்கத்து வீட்டு ரத்தினபாய் டீச்சர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் இந்தக் குடும்பத்தின் பரஸ்தானப் பைகள் எல்லாம் காலங்காலமாக அவர் வீட்டுக் கூடத்தில்தான் இறங்கும்.

விஷயத்தைக் கேட்டதும் ஓவியா கைதட்டினாள். "சூப்பர்! அப்பாவே சொல்லிட்டாரு, நான் வீட்ல தூங்கக் கூடாதுன்னு. பைய டீச்சர் வீட்ல வச்சிட்டு சாயங்காலம் எடுத்துக்கிட்டு ரிசார்ட் போயிடலாம். என்ன மாமா?"

"எனக்கென்னம்மா? நான் டிரைவர். எங்க போகச் சொன்னாலும் போவேன்" என்றான் பாலு. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் கம்பெனியில் அவனுக்கு நாளை மறுநாள் வேலை. அதுவரைக்கும் யார் எதைச் சொன்னாலும் சரி என்று சொல்லிவிடுவது என்ற முடிவில் இருந்தான். புத்திசாலி.

"பார்க்கலாம்" என்றாள் சுபத்ரா. மறுக்கவும் தெம்பில்லாதபோது அவள் சொல்லும் வார்த்தை அது.

கல்பாக்கம், மகாபலிபுரம், கோவளம் என்று வந்த ஊரெல்லாம் கண்ணாடிக்கு வெளியே ஓடியது. கோவளத்தில் ஓவியா கழுத்தை நீட்டி அந்த ரிசார்ட் வாசலைத் தேடினாள். கேளம்பாக்கத்தில் திரும்பி, மாம்பாக்கம் வழியாக மேடவாக்கம் சிக்னலுக்கு வந்தபோது கடல் வாசனை போய் டீசல் வாசனை வந்திருந்தது. சுபத்ராவின் மனசு கார் சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றியது. இன்றைக்குக் கேட்காவிட்டால் இல்லை. நாளை விமானம் ஏறிவிட்டால் அடுத்து எப்போது வருவாளோ. போனில் கேட்கிற விஷயமா இது?

வீட்டு வாசலில் கார் நிற்பதற்குள் உள்ளேயிருந்து குரல் கேட்டது. "பாலு! பைய எடு! நேரம் ஆவுது!"

பாலு டிக்கியைத் திறந்து நீலப் பையைத் தூக்கிக்கொண்டு செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் டீச்சர் வீட்டுக்கு ஓடினான். மாமனாரின் குரலுக்கு அவன் இன்னும் புது மாப்பிள்ளைதான். ஜன்னலோரக் கட்டிலில் இருந்தபடி சுப்பராயலு அந்தப் பை டீச்சர் வீட்டு வாசற்படி ஏறுகிறவரைக்கும் பார்த்துவிட்டு, அப்புறம்தான் மகள்களைப் பார்த்துச் சிரித்தார்.

செல்லியம்மாள் தன் பையைத் தோளில் மாட்டியபடி தயாராக நின்றாள். கோவிலம்பாக்கத்தில் அவள் பேத்திக்குக் காய்ச்சலாம். "யக்கா, பெரியவரு தங்கமான மனுசன். ஆனா ராவுல என்னால முடியலக்கா. கண்ணு எரியுது. நீ எப்டிதான் பண்ணிகினு கீறியோ." சொல்லிவிட்டு, நிறுத்தத்தில் நிற்கிற ஷேர் ஆட்டோவைத் தவறவிடக் கூடாதென்று வேகமாக நடந்தாள். போகிறவளின் முதுகைப் பார்த்துச் சுபத்ராவுக்குப் பொறாமையாக இருந்தது. வேலைக்காரியாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம். மகளாக இருந்தால் எங்கே போவது?

சாப்பாட்டின்போது ஓவியா ரிசார்ட் பேச்சை எடுத்தாள். சுப்பராயலு ரசம் சாதத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"கடலாண்ட போயி நான் இன்னா பண்றது? உப்பா விக்கப் போறேன்? நீங்க போங்க. சுபா கீது, என்னிய பாத்துக்கும்."

அவ்வளவுதான், எல்லாம் தீர்ந்தது. சுபா கீது. வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, சுபா இருக்கிறாள். ஓவியாவும் "பாவம், அப்ப அக்கா வர முடியாதே" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, "சரி, ரிசார்ட் வேணாம், டீச்சர் வீட்லயே தூங்கறேன்" என்று பெரிய தியாகம் போலச் சொன்னாள். சுபத்ராவுக்குக் கோபம் வந்தது. தட்டைக் கழுவுகிற சத்தத்தில் அந்தக் கோபத்தையும் கழுவிவிட்டு, துணி துவைக்கப் போனாள்.

பயணத்து அழுக்குத் துணி முழுக்க அவளுடைய நீலப் பையில் இருந்தது. வாஷிங் மெஷின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஜிப்பைத் திறந்தாள். மேலேயே ஒரு பாஸ்போர்ட். அதற்கடியில் ஓவியாவின் நல்ல சுடிதார், மகனுக்கு வாங்கிய ராமேஸ்வரத்துச் சங்கு, உதயாவுக்கு மஸ்கோத் அல்வா. அழுக்குத் துணி ஒன்றுகூட இல்லை.

கொஞ்ச நேரம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. டீச்சர் வீட்டில், நல்ல நேரம் பார்த்து, மேற்கு நோக்கிப் பயணம் புறப்பட்டு உட்கார்ந்திருப்பது அவளுடைய அழுக்கு நைட்டிகள்!

"என்னங்க, எந்தப் பையத் தூக்கிட்டு ஓடினீங்க நீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். பாலு தலையைச் சொறிந்துகொண்டு, "ரெண்டும் நீலம்தானே" என்றான். ஓவியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்காதவர் சுப்பராயலு ஒருவர்தான்.

"இதுல இன்னா சிரிப்பு? இன்னிக்கி இருந்த நல்ல நேரம் போயிடுச்சி. இனிமே சின்னவ பைய வெச்சும் பிரயோஜனம் இல்ல. வாசத் தாண்டின பை திரும்பியும் வரக் கூடாது. பை போனவதான் வெளிய படுக்கணும்."

"அப்ப அக்காதான் லண்டன் போகணுமா?" ஓவியாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "போயிட்டு வாக்கா! உதயாவுக்கு நல்லா சமைச்சுப் போடு!"

சுபத்ராவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சிரித்துக்கொண்டே, தான் என்ன சொல்லப்போகிறோம் என்று தனக்கே தெரியாமல், சொல்லிவிட்டாள்.

"சரி. நான் போறேன்."

"எங்க?"

"டீச்சர் வீட்டுக்கு. பை போயிடுச்சில்ல? அப்பாவே சொல்லிட்டாரு. நான் இன்னிக்கு இங்க தூங்கக் கூடாது."

பாலுவின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப மாமாவ யாரு..."

"ஓவியா இருக்காளே."

ஒரு மாசம் கேட்க வந்தவளுக்கு ஒரு ராத்திரி கேட்கவே பையைச் சாக்காக வைக்க வேண்டியிருக்கிறதே என்று சுபத்ராவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் ஒரு விஷயம் உறுதியாகத் தெரிந்தது. ஒரே ஒரு ராத்திரி ஓவியா அந்தக் குரலுக்கு எழுந்து நின்று பார்க்கட்டும். அப்புறம் வாய் திறந்து கேட்கவே வேண்டியிருக்காது.

"ஒரு ராத்திரிதானேக்கா?" ஓவியா அவளைக் கட்டிக்கொண்டாள். "நீ போய் நிம்மதியாத் தூங்கு. எங்கப்பாவ நான் பார்த்துக்க மாட்டேனா?"

சாயங்காலம் விளக்கு வைத்ததும் சுபத்ரா பக்கத்து வீட்டுக்குப் போனாள். போவதற்கு முன், எப்படித் தூக்க வேண்டும், எந்தப் பக்கம் கை கொடுக்க வேண்டும் என்று ஓவியாவுக்குக் காட்டினாள். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தங்கைக்குப் பாய் விரித்தாள். அப்பா அவளை ஒன்றும் கேட்கவில்லை. "போய்ட்டு வா" என்று மட்டும் சொன்னார், நிஜமாகவே மேற்கே போகிறவளிடம் சொல்வது போல.

ரத்தினபாய் டீச்சர் கூடத்தில் நீலப் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆகி வருஷங்கள் ஆகியும் குரலில் வகுப்பறை போகவில்லை.

"வாம்மா. உங்க அப்பா சாஸ்திரத்துக்கு என் வீடுதான் சத்திரம். இங்கேர்ந்து அமெரிக்கா போனவங்க உண்டு, துபாய் போனவங்க உண்டு. ராஜகீழ்ப்பாக்கத்திலேர்ந்து ராஜகீழ்ப்பாக்கத்துக்குப் பயணம் வந்தது நீ ஒருத்திதான்."

சுபத்ரா சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை.

"கேட்டியா அவகிட்ட, ஒரு மாசம் இருன்னு?"

"இல்ல டீச்சர்."

"ஏன்?"

"கேட்டு, முடியாதுன்னு சொல்லிட்டா? அப்புறம் அவளப் பார்க்கும்போதெல்லாம் அதுதானே ஞாபகம் வரும்? தங்கச்சியும் இல்லாமப் போயிடும்."

டீச்சர் பட்டாணித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். தோசை வார்த்துப் போட்டார். சாப்பிட்டு முடித்ததும், வழக்கமாகப் பயணம் போகிறவர்களுக்குச் செய்வது போலவே தலையில் கைவைத்து ஒரு சின்ன ஜெபம் பண்ணினார். உள்ளறையில் மின்விசிறிக்கு நேர் கீழே படுக்கையைப் போட்டுக் கதவைச் சாத்தினார். அவர் சாத்திய சத்தம் சுபத்ராவுக்குக் கேட்டதா என்பதே சந்தேகம். பாறாங்கல் கிணற்றில் விழுவது போல விழுந்து தூங்கினாள்.

கண் விழித்தபோது ஜன்னல் முழுக்க வெயில். பதறி எழுந்தாள். முதலில் தோன்றியது பயம், அப்புறம்தான் எங்கே இருக்கிறோம் என்பதே. உடம்பு பஞ்சாக இருந்தது. இவ்வளவு லேசாக ஒரு உடம்பு தனக்கு இருந்ததே அவளுக்கு மறந்து போயிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். ஓவியாவின் கண்கள் சிவந்திருக்கும், தலை கலைந்திருக்கும், பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுவாள், பாவம் என்று நினைத்துக்கொண்டே படியேறினாள்.

ஓவியா கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். தலை வாரி, பொட்டு வைத்து, முகம் பளிச்சென்று இருந்தது.

"வாக்கா! நல்லாத் தூங்கினியா? நானும் செம தூக்கம். அப்பா ஒரு தடவகூட எழுப்பல தெரியுமா? நீ என்னமோ அந்தப் பயம் காட்டின. செல்லியம்மாளும் நீயும் சேர்ந்து ஓவரா பில்டப் பண்றீங்க. இப்பவும் தூங்கறாரு, டிஸ்டர்ப் பண்ணாத."

ஒரு தடவைகூட எழுப்பவில்லையா? அப்படியானால் இந்த மூன்று வருஷம் என்ன? தனக்கு மட்டும்தான் அந்தக் குரல் கேட்டதா? உப்புப் பெறாத விஷயத்தை ஊதிப் பெரிசாக்கி, மூக்கால் அழுதுகொண்டிருந்தோமா? தங்கை நினைப்பது அதுதான். நாளைக்கு உதயாவிடமும் அதைத்தான் சொல்வாள். கேட்க வேண்டியதைக் கேட்க இனிமேல் வாயே இல்லை.

அவள் அப்பாவின் அறைக்குள் போனாள். கட்டிலை நெருங்கியதும் அவளுக்குப் பழகிய வாடை வந்தது.

சுப்பராயலு தூங்கவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். போர்வையை விலக்கினாள். வேட்டி, விரிப்பு, சட்டையின் அடிப்பக்கம், எல்லாம் நனைந்து, பாதி காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. ரப்பர் ஷீட்டின் மடிப்பில் தேங்கி நின்றது. ஈரத்திலேயே கிடந்ததில் தொடையெல்லாம் சிவந்து போயிருந்தது.

"என்னப்பா இது?"

"வந்துட்டியா? கொஞ்சம் கை குடு, சுபா."

"பக்கத்துலயே படுத்திருந்தாளேப்பா. ஏன் அவள எழுப்பல?"

சுப்பராயலு வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னாம்மா பேசற? விருந்துக்கு வந்த புள்ள. இன்னிக்கி ஊருக்குப் போவுது. அத்தப் போயி மூத்தரத்துக்கு எழுப்பச் சொல்றியா?"

"என்னை மட்டும் எழுப்புறியே."

"உன்ன எழுப்பாம? நீ வூட்டுப் பொண்ணு."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். சுபத்ராவுக்கு அது தெரியும். தெரிந்தும் அழுகை வந்தது. அவர்மேல் பாவமாக இருந்தது, ஆத்திரமாக இருந்தது, ஓங்கி அவரை ஒரு அடி வைக்க வேண்டும் போலவும் அப்படியே வாரி அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. வழக்கப்படி வாளியை எடுக்கத் திரும்பினாள். ஓவியா அறை வாசலில் நின்றிருந்தாள். கையில் காபி டம்ளர் அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

மற்ற நாளாக இருந்தால் சுபத்ரா "ஒண்ணுமில்ல, நீ போ" என்று சொல்லியிருப்பாள். ஒரு ராத்திரித் தூக்கம் ஒரு மனுஷியை என்னவெல்லாம் செய்துவிடுகிறது!

"டம்ளரக் கீழ வச்சிட்டு வா, ஓவியா. அந்தப் பக்கம் பிடி. அப்பாவத் திருப்பணும்."

ஓவியா வந்தாள். இருவரும் திருப்பினார்கள், விரிப்பை உருவினார்கள், துடைத்தார்கள். ஓவியாவுக்கு ஒரு தடவை குமட்டியது. முகத்தைத் திருப்பி அடக்கிக்கொண்டு மறுபடி பிடித்தாள். சுத்தமான வேட்டி கட்டி முடித்ததும் ஓவியா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் விருந்தாளியாப்பா?"

சுப்பராயலு போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"பக்கத்துலதான்பா படுத்திருந்தேன். ராத்திரி பூரா ஈரத்துல கெடந்தியே. ஒரு தடவ ஓவியான்னு கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

சுபத்ரா ஈர விரிப்பைச் சுருட்டிக் கையில் பிடித்தபடியே நின்று கேட்டுவிட்டாள். "ஓவியா, நீ இன்னிக்குப் போகாத. ஒரு மாசம் இரு. அப்பாவ நீ பாரு. என்னால முடியலடி."

ஓவியா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னிக்கு ஃபிளைட்டுக்கா" என்றாள். "இதைக் கன்னியாகுமரியிலயே கேட்டிருக்கலாம்ல? இத்தன நாள் கூடவே இருந்தேனே."

"கேட்டிருக்கலாம். கேட்கல. இப்ப கேக்கறேன்."

உதயா, ஆபீஸ், டிக்கெட் என்று ஒவ்வொன்றாக ஓவியாவின் முகத்தில் வந்து போனதைச் சுபத்ரா பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த முறை "பார்க்கலாம்" என்று சொல்லி அவளுக்கு வழிவிடவில்லை. முடியாது என்று சொல்லட்டும். அதையும் கேட்டுக்கொள்ளலாம்.

கட்டிலிலிருந்து சுப்பராயலு தொண்டையைக் கனைத்தார்.

"சின்னவ பைதான் இன்னும் வூட்லயே கீதே. வெள்ளிக்கெழம மேற்க எப்டி போவும்? பெரியவளோட பை போய்ட்ச்சி. அது எங்கனா போய்ட்டு வரட்டும்." சொல்லிவிட்டு, ரொம்பச் சாதாரணமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

ஓவியா போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். உதயாவோடு வெகுநேரம் பேசினாள். நடுவில் குரல் உயர்ந்தது, அப்புறம் தணிந்தது. இறங்கி வந்தாள். அலமாரியில் இடம் ஒதுக்கி, நீலப் பையிலிருந்த துணிகளை எடுத்து அடுக்கினாள். அல்வாவைப் பிரித்து அப்பாவுக்கு ஒரு துண்டு ஊட்டினாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சுபத்ரா தன் அறையில் வெறுமனே படுத்தாள். தூங்கவெல்லாம் இல்லை, ஒரு ராத்திரியில் மூன்று வருஷம் தீர்ந்துவிடுமா என்ன? கண்ணை மூடிக் கிடந்தாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையில் கட்டில் கிறீச்சிட்டது. அப்பாவின் குரல் வரப்போகிறது என்று அவள் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. மனசு சொல்வதற்கு முன்பே எழுந்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றிவிட்டாள்.

குரல் வந்தது. தயங்கித் தயங்கி, பழக்கமில்லாத வார்த்தையைச் சொல்வது போல வந்தது.

"ஓவியா..."

சுபத்ரா கால்களைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டாள்.